கடைசியில் நடப்பவர்



மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் போதகர் இல்லத்தின் கதவு பூட்டியிருப்பதை உங்களில் பலர் கவனித்திருப்பீர்கள். அன்று விடியுமுன் நான் நம் ஊர் மலைநடைக் குழுவினரோடு புறப்பட்டுவிடுகிறேன். சில மாதங்களில் மலையேற்றம். சில மாதங்களில் அருவிக்கரையையும் காட்டுப்பாதையையும் துப்புரவு செய்யும் வேலை. இதைக் குறித்துச் சபைக்குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் அன்போடு கேட்டார்: "ஐயா, ஞாயிறு பிரசங்கத்துக்கு ஆயத்தம் பண்ண வேண்டிய நாளில், யாரோ குடித்துப் போட்ட பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டிருப்பது நமக்கு ஊழியமா?"

கேள்வி நியாயமானது. அதே கூட்டத்தில் வேறொரு பொருளும் விவாதத்துக்கு வந்தது: அங்கத்தினர் பட்டியல் திருத்தம். ஓராண்டுக்கு மேலாக ஆராதனைக்கு வராதவர்கள், சந்தா செலுத்தாதவர்கள் என்று பதினாறு பெயர்கள் சிவப்பு மையில் அடையாளமிடப்பட்டிருந்தன. அவற்றை நீக்கிவிடலாமா என்பதே பொருள். இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றே அங்கிருந்தவர்கள் எண்ணியிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதைச் சொல்லவே இந்த வாரத் தியானத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தக் குழுவைப் பற்றி. அது கிறிஸ்தவ அமைப்பு அன்று. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அதற்குத் தலைமை தாங்குகிறார், எல்லாருக்கும் அவர் "பி.டி. சார்". மருந்துக்கடை வைத்திருப்பவர், செவிலியர் இருவர், கல்லூரி மாணவர்கள், மாந்தோப்பு விவசாயி, லாரிப் பட்டறை நடத்தும் மெக்கானிக் என்று இருபது, இருபத்தைந்து பேர் சேருவோம். நம் சபையிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். நான் பாஸ்டர் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்களுக்கு நான் "ஃபாதர்"தான். மலைக்கிராமத்தில் எங்களுக்கு வழிகாட்டும் பெரியவருக்கோ நான் "சாமி". திருச்சபைப் பிரிவுகளின் வரலாற்றை இறையியல் கல்லூரியில் நான் கண்விழித்துப் படித்ததெல்லாம் அங்கே செல்லுபடியாவதில்லை. புறப்படுமுன் அவரவர் தத்தம் முறைப்படி ஒரு நிமிடம் அமைதியாக நிற்போம். அதற்குமேல் அங்கே மதத்தைப் பற்றிய பேச்சு இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறையாவது நாங்கள் நடக்கும் பாதை கும்பக்கரையில் தொடங்குகிறது. பாம்பாறு பாறைகளின்மேல் வழிந்து விழும் அந்த அருவி நம் சபையின் சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்த இடம். அங்கிருந்து ஏறும் பாதை வெள்ளக்கவி என்னும் கிராமத்தைக் கடந்து, டால்பின் நோஸ் என்று சுற்றுலாப் பயணிகள் அழைக்கும் பாறையை ஒட்டி, வட்டக்கானல் வழியாகக் கொடைக்கானலை அடைகிறது. அடிவாரத்தில் மாந்தோப்பின் வெக்கை. முடிவில் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் சோலைக்காட்டின் குளிர். ஒரே நாளில் உடம்பு இரண்டு பருவங்களைக் கண்டுவிடும். வெள்ளக்கவி மக்கள் தங்கள் ஊர் முழுவதையும் கோவிலாக மதிக்கிறார்கள். ஊருக்குள் காலணி அணிவதில்லை. நாங்களும் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்போம். எரிகிற முட்செடியின் முன் மோசேக்குச் சொல்லப்பட்டதை நான் அங்கே யாருக்கும் எடுத்துச் சொன்னதில்லை; மனத்துக்குள் நினையாமல் கடந்ததும் இல்லை.

இந்த மலைச்சரிவுக்கும் நம் திருச்சபைகளுக்கும் பழைய உறவு உண்டு. 1834-ல் மதுரையில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமார், வெயிலுக்கும் நோய்க்கும் ஒதுங்க இடம் தேடி முதலில் சிறுமலையில் முயன்றார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பின்னர்தான் கொடைக்கானலுக்கு ஏறி, 1845-ல் அங்கே தங்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சாலை அமையும்வரை, பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஏறும் பாதைதான் வழி. நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். சிலர் குதிரையில் போனார்கள். பலரை டோலியில் வைத்து நம் ஊர் மக்கள் தோளில் தூக்கிச் சென்றார்கள். ஏறியவர்களின் பெயர்கள் கல்லறைகளிலும் ஆலயச் சுவர்களிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தூக்கியவர்களின் பெயர்களை நாம் எங்கும் பொறிக்கவில்லை. வண்டி போகாத மலையூர்களில் நோயாளியை இன்றும் டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள். பாதை செங்குத்தாகும் இடங்களில் எனக்கு அந்தத் தோள்களின் நினைவு வருவதுண்டு.

இனி நான் சொல்ல வந்த காரியம்.

நடை தொடங்குமுன் பி.டி. சார் எங்களை வரிசையில் நிறுத்தித் தலையெண்ணுவார். வழிகாட்டும் பெரியவரை முன்னால் விடுவார். பிறகு அன்றைய கடைசி ஆள் யார் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். கடைசி ஆள் என்றதும் மெதுவாக நடக்கிறவர் என்று நாம் நினைப்போம். அங்கே அப்படியில்லை. குழுவிலேயே பலசாலியும் பாதையை நன்கறிந்தவருமான ஒருவருக்குத்தான் அந்த இடம் கொடுக்கப்படும். பெரும்பாலும் அது பட்டறை மெக்கானிக்குக்கே வாய்க்கும். அவரை நாங்கள் "பாய்" என்றழைக்கிறோம். நினைத்தால் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே உச்சிக்குப் போய்ச் சேரக்கூடிய கால்கள் அவருக்கு. அந்தக் கால்களை வைத்துக்கொண்டு அவர் நாள் முழுவதும் பின்னால் நடக்கிறார்.

அவருடைய பையில் முதலுதவிப் பொருள்கள், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கயிறு, டார்ச், வெல்லக்கட்டி, அட்டைக்கடிக்கு உப்பு, யாருக்காவது ஷூவின் அடிப்பாகம் பிய்ந்துபோனால் கொடுக்க ஒரு ஜோடி ரப்பர் செருப்பு ஆகியவை இருக்கும். கழுத்தில் விசில். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். முன்னால் போகிறவர்கள் அத்தனை பேரும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. ஷூ நாடாவைக் கட்ட நின்றாலும், ஒதுங்கப் போனாலும், அவர் சற்றுத் தள்ளி நின்று காத்திருப்பார்.

நான் அவரிடம் கவனித்த இன்னொன்று உண்டு. "சீக்கிரம் வாங்க" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. மூச்சுத் திணறி ஒருவர் நின்றால், இவர் அண்ணாந்து ஒரு மரத்தைப் பார்ப்பார். "இந்தா பாருங்க, இருவாச்சி குருவி உக்கார்ற மாதிரி கிளை" என்று ஏதாவது சொல்லிக்கொண்டு தானும் நிற்பார். நின்றவர், தமக்காக ஒருவர் நிற்கிறார் என்று வெட்கப்பட இடமே இராது. ஒருமுறை நான் ஒரு வளைவில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "நானே ஒரு நிமிஷம் நிக்கலாம்னு நெனச்சேன் ஃபாதர், நீங்க நின்னுட்டீங்க" என்றார். அவருக்கு ஒரு துளி வியர்வைகூட இல்லை.

1892-ல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு, ஏறும் ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம். உலகமெங்கும் இன்றும் அந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஐயாயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டிய எங்கள் பாதையில் ஏற்றத்துக்கு மட்டுமே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அது திடகாத்திரமான ஒருவருக்குரிய கணக்கு. குழுவின் வேகத்தைப் பின்னால் வருகிறவரின் மூச்சுத்தான் தீர்மானிக்கும். தம்மோடு வரும்படி அழைத்த ஏசாவிடம் யாக்கோபு இதைத்தான் விளக்கினான். இளம்பிள்ளைகளும் கறவையான ஆடுமாடுகளும் என்னோடிருக்கின்றன, ஒரு நாள் முடுக்கி ஓட்டினாலும் மந்தை மடிந்துபோகும், அவற்றின் நடைக்குத் தக்கதாக மெதுவாய் வருகிறேன் என்ற பொருளில் அவன் சொன்னதை ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நானூறு பேரோடு வந்து நின்ற அண்ணனுக்கு அந்த வேகம் பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இப்போது இளைப்பாறுதலைப் பற்றிய விதிக்கு வருகிறேன். இது நான் எந்தப் புத்தகத்திலும் படியாதது. ஏறிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் முன்னால் போகிற இளைஞர்கள் ஓரிடத்தில் போய் உட்காருவார்கள். தண்ணீர் குடிப்பார்கள், கடலை மிட்டாய் தின்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். இருபது நிமிடம் கழித்துக் கடைசி ஆட்கள் வந்து சேருவார்கள். "வந்துட்டீங்களா, கிளம்பலாம்" என்று எல்லாரும் எழுந்துவிடுவார்கள். இருப்பதிலேயே களைத்தவர் எவரோ அவருக்கு மட்டும் இளைப்பாறுதல் கிடையாது. அவருடைய மேல்மூச்சு அடங்குமுன் அடுத்த ஏற்றம் தொடங்கிவிடும். எங்கும் நடப்பதுதான் இது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. பி.டி. சார் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார். கடைசி ஆள் பையை இறக்கிவைத்து உட்கார்ந்த நிமிடத்திலிருந்துதான் அவர் கடிகாரம் ஓடத் தொடங்கும். பத்து நிமிடம் என்றால் அவருக்குப் பத்து நிமிடம். முன்னால் வந்தவர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அது கணக்கில் வராது.

மாணவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. நம் தேனி மாவட்டத்தில் மலை ஏறுகிற எவரும் 2018 மார்ச் 11-ஐ மறக்க முடியாது. அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். நம் ஆலயத்திலும் அந்த ஞாயிறுகளில் அவர்களுக்காக ஜெபித்தோம். அதன்பின் அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை வகுத்தது. 2024-ல் தமிழகமெங்கும் நாற்பது பாதைகளைப் பதிவு முறையோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்தது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் நாங்கள் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. காட்டுத்தீக் காலத்தில் நடையே கிடையாது. தலையெண்ணாமல் ஓர் இடத்தைவிட்டு எழுந்திருப்பதும் கிடையாது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுப் போன மேய்ப்பனும் முதலில் எண்ணித்தான் பார்த்திருக்க வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. எண்ணாத மேய்ப்பனுக்கு நூறு இருந்தாலும் தெரியாது, தொண்ணூறு இருந்தாலும் தெரியாது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் பயணப்பட்ட ஒழுங்கை எண்ணாகமம் பத்தாம் அதிகாரம் விரிவாகச் சொல்கிறது. யூதாவின் கொடி முன்னே செல்லும். எல்லாப் பாளயங்களுக்கும் பின்னால் தாண் கோத்திரத்தார் செல்வார்கள். முன்னே போன யூதாவைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். தாணைப் பற்றி நான் கேட்டதில்லை. முதல் கணக்கெடுப்பில் யூதாவுக்கு அடுத்தபடியாக மிகுந்த தொகை உடைய கோத்திரம் அதுவே. அறுபத்திரண்டாயிரத்து எழுநூறு பேர். அவ்வளவு பலமுள்ளவர்களைக் கடைசியில் நிறுத்தினார்கள். ஏன் என்பதை உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில் காணலாம். எகிப்திலிருந்து வந்த வழியில் அமலேக்கியர் படையின் முகப்பைத் தாக்கவில்லை. இளைத்து விடாய்த்துப் பின்தங்கி வந்த பலவீனரைத்தான் வெட்டினார்கள். அந்தக் கொடுமையை மறக்காதிருக்கும்படி ஒரு ஜனத்துக்கே கட்டளை கொடுக்கப்பட்டது.

இதையெல்லாம் மலையில் நடக்கும்போது யோசித்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாயிருக்கிறது. மலையில் பெரும்பாலும் முழங்காலைப் பற்றித்தான் யோசிக்க முடிகிறது. வீட்டுக்கு வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காரும்போதுதான் வேதம் திறக்கிறது.

நம் சபையின் சகோதரர் ஒருவரைப் பற்றி, அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி நம் பாடகர் குழுவில் ஆல்டோ பாடியவர். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்த சில மாதங்களில் அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குப் போவேன். மரியாதையாகக் காப்பி கொடுப்பார். ஜெபத்துக்குத் தலை குனிவார். வரும் ஞாயிறு வருகிறேன் என்பார். வரமாட்டார். ஆனால் மலைநடைக்கு வந்தார். மருத்துவர் நடக்கச் சொன்னதாகக் காரணம் சொன்னார். அறுபத்து மூன்று வயது, பழக்கமில்லாத கால். இயல்பாகவே பின்தங்கி, பாயோடு நடந்தார்.

மூன்று நடைகள் முழுவதும் இருவரும் லாரி எஞ்சினைப் பற்றித்தான் பேசியதாகத் தெரிகிறது. நான்காவது நடையில், வெள்ளக்கவிக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்து ஓரம், அவர் தாமாகவே பேசினார். போதகராகிய என்னிடம் சொல்லாததைப் பாயிடம் சொன்னார். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த நேரத்தில் அவரோடு நடந்தவர் பாய்தான். பிறகு என்னிடமும் அதையே சொன்னார். "ஆலயத்துல எல்லாரும் நல்லவங்கதான் ஐயா. ஆராதனை முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிக்கிறாங்க. எல்லாருக்கும் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வீட்டுக்கு நடந்து போற பலம் போயிடுது. வீட்டுல போய் யார்கிட்ட பேசுறது?"

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவர் வந்தார். நெடுநாளுக்குப் பின் வந்தவரைக் கண்ட மகிழ்ச்சியில், வாசலிலேயே ஒருவர் அடுத்த ஞாயிறு வேதபாடம் வாசிக்கக் கேட்டுக்கொண்டார். இன்னொருவர், கணக்கில் தேர்ந்தவராயிற்றே என்று அறுவடைப் பண்டிகைக்குப் பொருளாளராக இருக்கச் சொன்னார். வேறொருவர் அவரைக் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்துச் சென்றார். எல்லாமே அன்பினால் செய்யப்பட்டவைதான். பி.டி. சார் அங்கே இருந்திருந்தால் தம் கடிகாரத்தைத் தட்டிக் காட்டியிருப்பார். கடைசியாக வந்தவர் இன்னும் பையை இறக்கிவைக்கவில்லை. நாம் எல்லாரும் எழுந்துவிட்டோம். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சிவப்பு மையிட்ட பதினாறு பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் நிதானமாக வாசிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தாவீதும் அவனோடிருந்த அறுநூறு பேரும் சிக்லாகுக்குத் திரும்பி வந்தபோது ஊர் எரிந்து கிடந்தது. மனைவிமாரும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டிருந்தார்கள். அழுவதற்கே பெலன் இல்லாமற்போகும் அளவுக்கு அவர்கள் அழுதார்கள் என்று அந்த அதிகாரம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பிறகு அமலேக்கியரைத் துரத்திப் புறப்பட்டார்கள். பேசோர் ஆற்றங்கரையில் இருநூறு பேரால் மேலே போக முடியவில்லை. அவர்களை நாம் வழக்கமாக நடந்து களைத்தவர்கள் என்று வாசித்துவிடுகிறோம். அவர்கள் அழுது களைத்தவர்களும்கூட. துக்கம் முழங்காலில்தான் முதலில் இறங்குகிறது. துக்கவீட்டுக்குப் போய்வருகிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நானூறு பேர் வென்று திரும்பினார்கள். அவர்களில் சிலர், கூட வராதவர்களுக்குக் கொள்ளையில் பங்கு இல்லை, பெண்சாதி பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார்கள். தாவீது அதற்கு இணங்கவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டைமுடிச்சுகளண்டையில் இருந்தவனுக்கும் ஒரே பங்கு என்று தீர்த்து, அதையே இஸ்ரவேலில் பிரமாணமாக்கினான். அந்த இருநூறு பேரின் பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்டவர்களும் உழைத்தவர்கள்தான், ஆற்றைக் கடந்தவர்கள்தான். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

பாட்டில் பொறுக்குவதைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த வேலையும் கடைசியில் நடப்பதிலிருந்துதான் தொடங்கியது. பின்னால் வருகிறவருக்கு முன்னால் போனவர்கள் விட்டுப்போனதெல்லாம் கண்ணில் படும். பாய் ஒரு சாக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு, மிட்டாய்க் காகிதம் முதல் பொறுக்கிக்கொண்டே வருவார். ஒரு மாதம் அந்தச் சாக்கு நிறைந்து கையில் இன்னொன்றும் இருந்ததைப் பார்த்த செவிலியர்கள், இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கலாம் என்றார்கள். அப்படித்தான் கும்பக்கரை ஓடைக்கரையில் வேலை தொடங்கிற்று. ஷாம்பு பாக்கெட்டுகள், எண்ணெய்ப் பொட்டலங்கள், குளித்துவிட்டு விட்டுப்போன துணிகள், தண்ணீர் பாட்டில்கள், உடைந்த மதுப்புட்டிகள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்கிறது என்பதை அந்த ஓடை இன்னும் கேள்விப்படவில்லை. உடைந்த கண்ணாடி காட்டு விலங்குகளின் பாதத்தைக் கிழிக்கிறது. நீலகிரியில் உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் மதுப்புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருவது என்று ஏற்பாடாயிற்று. பெரும்பகுதி புட்டிகள் கடைக்கே திரும்பி வந்தன. முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கிக்கிற நான் இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். பத்து ரூபாய்க்கு அவ்வளவு வசனிப்பு!

இது ஊழியமா என்று கேட்ட பெரியவருக்கு என் பணிவான பதில்: ஐயாயிரம் பேர் உண்டு எழுந்துபோன புல்வெளியில் மீந்த துணிக்கைகள் வீணாய்ப் போகாதபடி சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். குனிந்து பொறுக்கியவர்கள் அப்போஸ்தலர்கள், பன்னிரண்டு கூடை. உண்டவர்களையே பொறுக்கவைத்திருக்கலாம் என்று எனக்கும் சில சனிக்கிழமைகளில் தோன்றுவதுண்டு. பிரசங்க ஆயத்தத்தை வெள்ளிக்கிழமை இரவே முடித்துவிடுகிறேன் என்பதையும் அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பட்டியலைப் பற்றி. சபையின் சட்டதிட்டங்களை நான் மதிக்கிறேன். சந்தாவும் திருவிருந்தில் பங்குபெறுதலும் வேண்டாத சம்பிரதாயங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தலையெண்ணாத குழு ஆட்களைத் தொலைத்துவிடும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். பட்டியல் வேண்டும். எண்ணியபின் பதினாறு பேர் குறைகிறார்கள் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது என்ன என்பதே என் கேள்வி. மலையில் அப்படிக் குறைந்தால் யாரும் எண்ணிக்கையைத் திருத்தி எழுதிக்கொண்டு மேலே ஏறுவதில்லை. பாய் திரும்பி இறங்குவார்; அவரோடு இன்னொருவரும் இறங்குவார். தனியாக ஒருவரை அனுப்புவது அங்கே வழக்கமில்லை.

சபைக்குழுவும் இதற்கு இசைந்து, முடிவை இரண்டு மாதம் தள்ளிவைத்திருக்கிறது. பதினாறு பெயர்களையும் தெருவாரியாகப் பிரித்து ஆலய அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் போக வேண்டும். நடக்கத் தெம்புள்ளவர்கள், அதாவது சபையில் நெடுங்காலம் உறுதியாய் நிற்கிறவர்கள், முதலில் பெயர் கொடுங்கள். புதியவர்களை இதற்கு அனுப்ப வேண்டாம். போகிற வீட்டில் சந்தாவைப் பற்றிப் பேச வேண்டாம். ஏன் வரவில்லை என்று கேட்கவும் வேண்டாம். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு, அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்களோ அதைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள். லாரி எஞ்சின் என்றால் லாரி எஞ்சின். மூன்று முறையாவது போன பிறகு என்னிடம் சொல்லுங்கள்.

நான் குறிப்பிட்ட சகோதரர் சென்ற மாதம் முதல் மீண்டும் வருகிறார். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். நிறைவு ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்துபோய்விடுகிறார். அவரை அங்கேயே இருக்கவிடும்படி வரவேற்புப் பணியாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அறுவடைப் பண்டிகைக்குப் பொருளாளராக வேறொருவர் கிடைத்துவிட்டார்.

அலுவலகம் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திறந்திருக்கும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்